விஜயனா, பூட்டியாவா?

புதுவயல், கண்டனூர்ப் பக்கம் சாயங்காலம் பந்து உதைக்க வரும் பையன்களின் முதுகில் பெரும்பாலும் இரண்டே பெயர்தான் இருக்கும். 10-ஆம் எண் போட்டவன் மெஸ்ஸி கட்சி, 7-ஆம் எண் போட்டவன் ரொனால்டோ கட்சி. ஒருவன் 2022 உலகக் கோப்பையைச் சொல்வான். மற்றவன் ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைச் சொல்வான். எட்டு முறை பாலன் தோர் வாங்கியவர் யார் என்று ஒருவன் கேட்டால், 2016-ல் போர்ச்சுகலுக்கு யூரோ கோப்பை வாங்கித் தந்தவர் யார் என்று அடுத்தவன் கேட்பான். இருவர் சொல்வதும் உண்மை. ஆனாலும் வாதம் முடிவதே இல்லை.

முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. யார் அதிகம் வென்றார், யார் காலில் வித்தை அதிகம், யார் அணியைத் தாங்கினார், யார் நெடுநாள் நின்றார் என்பவை எல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை இன்னொன்றின் மேல் வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

இதை விளங்கிக்கொள்ள நம் நாட்டுக்காரர்கள் இருவரே போதும். 1990-களில் இந்தியக் கால்பந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் இந்த வாதத்தில் இறங்கியிருப்பார்கள்: ஐ.எம்.விஜயனா, பைச்சுங் பூட்டியாவா? விஜயனின் முகம் தமிழருக்குப் பழக்கம்தான். ‘திமிரு’, ‘பிகில்’ படங்களில் வந்தவர். அந்தப் படங்களைப் பார்த்த பலருக்கு, அவர் இந்தியா கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பது தெரியாமல் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

விஜயன் 1969-ல் திருச்சூரில் பிறந்தவர். வறுமை. அந்த ஊர் முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன், 17 வயதில் கேரளக் காவல்துறை அணிக்குள் போனார். பூட்டியா 1976-ல் தெற்குச் சிக்கிமின் டிங்கிடாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகையில் காங்டாக் போய்ப் படித்து, 1992-ல் பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்வாகி, அடுத்த ஆண்டே, 16 வயதில், ஈஸ்ட் பெங்கால் அணிக்குக் கொல்கத்தா வந்து சேர்ந்தார்.

இருவருக்கும் இடையில் ஏழரை ஆண்டுக்கு மேல் வயது வித்தியாசம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நாடு முழுவதற்குமான முதல் லீக் போட்டியான தேசிய கால்பந்து லீக் 1996 டிசம்பரில்தான் தொடங்கியது. அன்று விஜயனுக்கு 27 வயது. பூட்டியாவுக்கு அப்போதுதான் 20 நிறைந்திருந்தது. கால்பந்து வீரனுக்கு உடம்பு ஒத்துழைக்கும் காலம் ஏறக்குறைய பதினைந்து ஆண்டு. அதில் பாதியை விஜயன் மாநிலப் போட்டிகளிலும் ஃபெடரேஷன் கோப்பையிலும் சந்தோஷ் டிராபியிலும் செலவழித்த பிறகுதான், வாராவாரம் ஆடிக் கணக்கு ஏறும் ஒரு லீக் இந்நாட்டில் வந்தது. இருவருடைய லீக் கோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பவர்கள் முதலில் இந்தத் தேதியை எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால், 2018 ஜூனில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மும்பையில் இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதியாட்டத்தில் கென்யாவுக்கு எதிராக இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி இரண்டு கோல் அடித்தார். நாட்டுக்காக அவர் அடித்தவை 64 ஆயின. மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்காக அன்றுவரை அடித்திருந்தவையும் 64. நாடெங்கும் கொண்டாட்டம். சேத்ரியின் உழைப்புக்கு அந்தப் பெருமை முழுக்கத் தகும். ஆனால் அந்த 64-ம் இந்த 64-ம் ஒரே பொருள் அல்ல. தென்னமெரிக்கத் தகுதிச் சுற்றில் பத்தே நாடுகள். பிரேசிலும் உருகுவேயும் கொலம்பியாவும் அதில் உண்டு, சும்மா விட்டுக்கொடுக்கும் அணி கிடையாது. சேத்ரியின் கோல்களில் நல்ல பங்கு தெற்காசிய அண்டை நாடுகளுக்கு எதிரானவை. மறுபக்கமும் பார்க்க வேண்டும். மெஸ்ஸிக்குப் பந்து கொடுத்தவர்கள் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஆடியவர்கள். சேத்ரிக்கு அந்தப் பாக்கியம் இருந்ததில்லை. ஆக, அவர் எண்ணிக்கையைக் குறைத்தும் பேச முடியாது, அப்படியே தூக்கி மெஸ்ஸி பக்கத்தில் வைக்கவும் முடியாது.

விஜயன், பூட்டியா விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கணக்கில் விஜயன் இந்தியாவுக்காக அடித்தது 29 கோல், பூட்டியா 27. இன்னொரு கணக்கில் இருவருமே 40-ஐ ஒட்டி நிற்கிறார்கள். எது பொய்? இரண்டுமே பொய்யில்லை. ஒரு நாட்டின் முழு அணி இன்னொரு நாட்டின் முழு அணியோடு மோதுவதைத்தான் ஃபிஃபா சர்வதேச ஆட்டமாக ஏற்கிறது. வெளிநாட்டுக் கிளப் ஒன்றோடு ஆடிய ஆட்டம் அதில் சேராது. ஒலிம்பிக் கால்பந்து 1992 முதல் 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியாகிவிட்டதால், அந்த அணிகளோடு ஆடியவையும் சேரா. நம் பழைய பட்டியல்கள் இந்தியச் சட்டை போட்டு ஆடிய எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டன. ஒருவருக்குச் சுருக்கமான கணக்கையும் மற்றவருக்கு விரிந்த கணக்கையும் எடுத்து வாதாடுபவர்களைப் பார்க்கிறோம். குருணையோடு அளந்த மூட்டையையும் குருணை நீக்கி அளந்த மூட்டையையும் பக்கத்தில் வைத்து எடை பேச முடியாது. புதுவயல் அரிசி ஆலைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கணக்கில் பார்த்தால் இருவருக்கும் இடையே இரண்டு கோல்தான் வித்தியாசம். விஜயன் அதைக் குறைந்த ஆட்டங்களில் அடித்தார் என்பது அவர் பக்கம் நிற்கும் உண்மை.

சாதனை என்று பெயர் வாங்குவது எப்போதும் பெரிய ஆட்டமாக இருப்பதில்லை. 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது விநாடியில் விஜயன் கோல் அடித்தார். பொது அறிவுப் புத்தகங்களில் இன்றும் அது இருக்கிறது. விஜயனின் கால்பந்தைப் பற்றி அது நமக்கு அதிகம் சொல்வதில்லை. அவரைப் பற்றிச் சொல்வது வேறொன்று: 2003-ல் ஹைதராபாத் ஆஃப்ரோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 34 வயதில், விடைபெறும் நேரத்தில், நான்கு கோல் அடித்து அதிக கோல் அடித்தவராக முடித்தார். இந்தியா இறுதியாட்டம்வரை போயிற்று.

பூட்டியாவுக்கு அப்படிப்பட்ட நாள் 1997 ஜூலை 13. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். வந்தவர்கள் 1,31,000-க்கும் மேல். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ‘டைமண்ட்’ என்ற தாக்குதல் முறையைக் கொண்டுவந்து எல்லாரையும் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆட்டத்துக்கு முன் அவர் பூட்டியாவின் பெயரையே கேலி செய்து பேசினார். அன்று பூட்டியா அடித்தது மூன்று கோல். ஈஸ்ட் பெங்கால் 4-1. எதிரே வலுவான அணி, சுற்றிலும் அவ்வளவு கூட்டம், 20 வயது. இந்த மூன்று கோலையும் பலவீனமான அணிக்கு எதிரான மூன்று கோலையும் ஒரே வரிசையில் எழுதும் எந்தப் பட்டியலும் நமக்கு உண்மையை முழுதாகச் சொல்லாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இவ்வளவு பேர் எதிரெதிராக நிறுத்திய இந்த இருவரும் நெடுநாள் ஒரே பக்கம் ஆடியவர்கள். இந்திய அணியில் ஜோடி. கிளப்பிலும் அப்படியே: பஞ்சாபின் பக்வாரா ஜேசிடி மில் அணி முதல் தேசிய லீக்கை 1996-97-ல் வென்றபோது விஜயன், பூட்டியா, கார்ல்டன் சாப்மன், ஜோ பால் அஞ்சேரி எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவர் பூட்டியா, 14 கோல். மெஸ்ஸியும் ரொனால்டோவும் 2009 முதல் 2018 வரை ஒன்பது பருவம் பார்சிலோனாவிலும் ரியல் மாட்ரிட்டிலும் நேருக்கு நேர் நின்றவர்கள். அதுதான் போட்டி. விஜயன், பூட்டியா போட்டி பெரும்பாலும் நம் திண்ணையில் நடந்தது.

ஜோடியாக ஆடியவர்களை ஒப்பிடுவது எதிரிகளை ஒப்பிடுவதைவிடக் கடினம். அந்த 14 கோலில் பந்து எடுத்துக் கொடுத்தவர் யார், தடுப்பாட்டக்காரர்களைத் தன் பக்கம் இழுத்து வழி திறந்தவர் யார்? அந்தக் காலத்து ஆட்டக் குறிப்புகளில் கோல் அடித்தவர் பெயர் இருக்கும், நிமிடம் இருக்கும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. விஜயன் பந்தோடு திரும்பினால் இரண்டு பேர் அவரிடம் ஓடுவார்கள். இரண்டு பேர் ஓடினால் யாரோ ஒருவர் தனியாக நிற்பார். அப்படித் தனியாக நிற்கும் இடத்தை ஒரு விநாடி முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் பூட்டியாவின் வித்தை. ஒருவர் கணக்கில் ஏறிய கோலில் மற்றவர் வியர்வை இருக்கிறது. இதை எந்த எண்ணும் பிரித்துக் காட்டாது.

இப்போது களத்தில் இருவரும் செய்த வேலையைப் பார்ப்போம். விஜயன், அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளத்தின் செவன்ஸ் மைதானங்கள் வளர்த்தவர். குறுகிய இடம், நெருக்கும் உடம்புகள், நின்ற இடத்தில் திரும்பி அடிக்கும் பழக்கம். இரண்டு காலாலும் அடிப்பார், அந்தரத்தில் வரும் பந்தை அப்படியே உதைப்பார், தேவைப்பட்டால் பின்னால் இறங்கி நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்துவார். பூட்டியா உயரம் அதிகமில்லாதவர். பெனால்டி பாக்ஸுக்குள் எப்போது நுழைவது, யாருடைய முதுகுக்குப் பின்னால் மறைவது, எந்தக் கணத்தில் தலை கொடுப்பது என்பதில் அவருக்கு நிகர் கிடையாது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து மொத்தமாக இரண்டு மூன்று நிமிடமே இருக்கும். அந்த நிமிடங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் விஜயன் என்பார்கள். மீதி நேரத்தையும் பார்த்தவர்கள் பூட்டியா என்பார்கள்.

1999-ல் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். இங்கிலாந்து லீக் வரிசையில் அப்போது மூன்றாம் தட்டில் இருந்த அணி அது. முப்பத்துச் சொச்சம் லீக் ஆட்டம், மூன்றே கோல், நடுவில் முழங்கால் காயம். கோல் கணக்கில் பார்த்தால் தோல்விதான். ஆனால் 1936-ல் வெறுங்காலோடு ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஆடிய முகமது சலீமுக்குப் பிறகு ஓர் இந்தியர் ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்கு ஆடப் போனது அப்போதுதான். அந்த ஆண்டு விஜயனுக்கு 30 வயது. வெளியே போகாததை அவர் குறையாகச் சொல்பவர்கள், அவருடைய 22 வயதில் இந்திய வீரனுக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று நல்ல ஆட்டக்காரனுக்குக் கிடைத்த பெரிய பரிசு அரசு வேலை.

விருதுகளும் அளவுகோல் ஆகா. ஆண்டின் சிறந்த வீரர் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் விஜயனை மூன்று முறை தேர்ந்தது. பூட்டியாவை இரண்டு முறை. அர்ஜுனா விருதோ பூட்டியாவுக்கு 1998-லேயே வந்துவிட்டது, மூத்தவரான விஜயனுக்கு 2003-ல்தான். பத்மஸ்ரீ பூட்டியாவுக்கு 2008-ல், விஜயனுக்கு 2025-ல். பதினேழு ஆண்டு இடைவெளி. களத்தில் இருந்த வித்தியாசம் இதில் ஒரு பங்குகூட இல்லை. விஜயனுக்கு இவ்வளவு தாமதித்தது நியாயமில்லை என்றே நான் சொல்வேன்.

தீர்ப்பு கேட்டால் ஒளிக்க மாட்டேன். இந்தியக் கால்களில் நான் அறிந்த பெரிய வரம் விஜயனுடையது. ஒரே ஓர் ஆட்டம், கட்டாயம் வெல்ல வேண்டும் என்றால் அவரைத்தான் முதலில் எழுதுவேன். பத்து ஆண்டுக்கு ஓர் அணியைக் கட்டச் சொன்னால் பூட்டியா. 2003-ல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது ஒன்பது கோல் அடித்தவர் அவர். 27 ஆண்டுக்குப் பிறகு 2011-ல் இந்தியா ஆசியக் கோப்பையில் ஆடியபோது காயத்தோடு போய் அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கேள்வி மாறினால் பதிலும் மாறும். அதில் முரண் ஒன்றும் இல்லை.

இந்த அளவுகோல் நம் பையன்களுக்கு நாளைக்கே உதவும். பக்கத்துக் கண்டனூர்க்காரரான சிவசக்தி நாராயணன், 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு அணிக்காக மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அடித்தவர். அடுத்து வந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தில் ஆறு கோல் அடித்து வளரும் வீரர் விருதும் வாங்கினார். அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களில் ராய் கிருஷ்ணாவும் சிவசக்தியும் முன்னால் இறங்க, சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிவசக்தி சேத்ரியை மிஞ்சிவிட்டார் என்று இதை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. அதே பருவத்தில், 2023 மார்ச்சில், கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து, எதிரணி சுவர் அமைக்கும் முன்பே ஃப்ரீ கிக் அடித்து ஆட்டத்தை முடித்தவர் சேத்ரி. சிவசக்திக்குப் பயிற்சியாளர் கொடுத்த வேலை, தொடக்கத்திலிருந்தே ஓடி ஓடித் தடுப்பாட்டக்காரர்களைக் களைப்பாக்குவது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாய்வது. சேத்ரிக்குக் கொடுத்த வேலை, களைத்த அணிக்கு எதிராக வந்து முடிவெடுப்பது. ஆட்டம் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுச் சிவசக்தியை மட்டும் பாருங்கள். அவர் எத்தனை முறை பந்து வராத பக்கம் ஓடுகிறார், ஒவ்வொரு ஓட்டத்திலும் எதிரணியில் யார் கூடவே நகர்கிறார், அந்த ஆள் விட்டுப்போன இடத்துக்கு யார் வந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள்.