நாயனம் ஓய்ந்த பிறகும் பேச்சு இருக்கிறது

பல் விழுந்துவிட்டால் நாயனக்காரருக்குப் பாதித் தொழில் போய்விடும். கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளியை உதடு கவ்விப் பிடிக்க வேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்க வேண்டும். மூச்சு நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கைவிடும். தவில்காரருக்குத் தோள் போகும். வில்லுப்பாட்டுப் புலவருக்கு விடிய விடிய உட்கார முதுகு இடம் கொடுக்காது. புளியங்குடியிலும் வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களிலும் கோயில் கொடைகளை நடத்திக் கொடுத்த கலைஞர்கள் இப்படித்தான் மேடையை விட்டு இறங்குகிறார்கள். சிலருக்கு அரசின் மாத உதவித்தொகை கிடைக்கிறது. வேலை கிடைப்பதில்லை. அவர்களால் நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று வானொலியில் இருக்கிறது. அதுதான் நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேலை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. கல்கத்தா வானொலி 1927இல் தொடங்கியபோதே அங்கே பாட வந்தவர் பங்கஜ் மல்லிக். 1929இல் அவர் ஒரு இசைப் பயிற்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். வகுப்பறையில் மாணவருக்குச் சொல்வதுபோல வரி வரியாகப் பாடிக் காட்டி, நிறுத்தி, விளக்கி, மறுபடி பாடுவார். அந்த நிகழ்ச்சி 1975 வரை நடந்தது. இடையில் நியூ தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்தார், நடித்தார், தாதாசாகேப் பால்கே விருதும் வாங்கினார். மைக்கை மட்டும் விடவில்லை.

அமெரிக்காவில் பாப் டிலன் 2006 மே மாதம் ஒரு செயற்கைக்கோள் வானொலியில் வாராந்திர நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். அப்போது அவருக்கு 65 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு தலைப்பு: வானிலை, அம்மா, காபி, சிறைச்சாலை என்று எதுவாகவும் இருக்கும். அந்தத் தலைப்புக்குப் பொருந்தும் பழைய பாட்டுகளை எடுத்துவைத்து, பாடியவர் யார், எந்த ஊர், என்ன ஆனார் என்று கதை சொன்னார். மூன்று ஆண்டுகளில் நூறு நிகழ்ச்சிகள். பெயருக்கும் பணத்துக்கும் அவர் அலைய வேண்டியதில்லை. தனக்கு முன்னால் பாடியவர்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் அவ்வளவு இருந்தது.

நம் பக்கத்துக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எஸ்.கே. பரராஜசிங்கம். கர்நாடக இசை அறிந்த பாடகர், இலங்கை வானொலியின் அறிவிப்பாளர், ஈழத்து மெல்லிசையின் முன்னோடி. இலங்கை வானொலியைத் தென்மாவட்டங்கள் சொந்த நிலையம்போலக் கேட்ட காலம் அது.

தமிழக வானொலியும் பெரிய வித்வான்களை மதித்து அழைத்தது. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கர்நாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளராக இருந்தார். ஒவ்வொரு நிலையத்திலும் நிலைய வித்வான்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. வித்வான் வாசிப்பார், அவரைப் பற்றி அறிவிப்பாளர் பேசுவார். ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் சொல்லி முடிந்ததும் கச்சேரி தொடங்கும், முடியும். அந்த ராகத்தை யாரிடம், எந்தத் திண்ணையில், எத்தனை அடி வாங்கிக் கற்றார் என்பதை அவர் வாயால் கேட்க வழி இல்லை.

இதில் நாம் இழந்தது கொஞ்சமில்லை. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. நாயனக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல், நாற்பத்துச் சொச்சம் வயதில் மறைந்தார். அவர் வாசிப்பை இன்றைக்கும் கேட்கிறோம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்ற நாட்களைப் பற்றி அவர் வாரம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட சொத்தாக இருந்திருக்கும்! அவருக்கு ஆயுள் இடம் தரவில்லை. அவருக்குப் பிறகு வந்து நீண்ட காலம் வாழ்ந்த எத்தனையோ கலைஞர்களுக்கு நாம்தான் இடம் தரவில்லை.

பேசத் தெரியாதவர்கள் என்று இவர்களை ஒதுக்கவும் முடியாது. வில்லுப்பாட்டைப் பாருங்கள். புலவர் வீசுகோலால் வில்லை அடித்து ஒரு வரி பாடுவார். நிறுத்திக் கதைக்குப் போவார். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். நடுச்சாமத்தில் கூட்டம் கண் அசரும்போது உள்ளூர்க்காரர் ஒருவரை வம்புக்கு இழுத்து எல்லோரையும் எழுப்பிவிடுவார். பாட்டையும் பேச்சையும் பின்னிக் கேட்பவரைக் கட்டிப்போடும் இந்தத் திறமைக்குத்தான் எஃப்.எம். நிலையங்கள் பயிற்சி கொடுக்கின்றன. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிவிட்டார்.

குரல் இனிமையும் பட்டணத்து உச்சரிப்பும்தான் வானொலிக்குத் தேவை என்பவர்கள் தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைத்துக்கொள்ளலாம். வேளாண்மை படித்து, விவசாயம் பார்த்து, நெல்லை வானொலிக்கு வந்தவர். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத அந்தக் குரலுக்காக, சென்னைக்குப் போன பிறகு, தமிழ்நாடே காலையில் காத்திருந்தது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு விளம்பரங்களில் பெரும்பாலும் பட்டப்படிப்பு கேட்கிறார்கள். வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எட்டு வயதில் தவிலைத் தோளில் மாட்டியவரிடம் பட்டம் எங்கே இருக்கும்? ஐம்பது வரை அவருக்கு மேடை இருந்தது. இந்த வேலை தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். தனியார் எஃப்.எம். நிலையங்களோ இருபதுகளில் இருக்கும் குரல்களைத்தான் தேடுகின்றன.

எல்லாக் கலைஞரும் மைக் முன்னால் சோபிக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான். சிலர் தொடங்கிய இடத்தை மறந்துவிடுவார்கள். சிலர் சக கலைஞர் மீதான பழைய கோபத்தை விட்டு வெளியே வர மாட்டார்கள். பாப் டிலனே தனியாகச் செய்யவில்லை. எடி கோரடெட்ஸ்கி என்ற தயாரிப்பாளர் பாட்டுகளையும் தகவல்களையும் திரட்டித் தந்தார். இங்கேயும் மூத்த கலைஞர் ஒருவருக்கு நிகழ்ச்சித் தயாரிப்பில் தேர்ந்த இளைஞர் ஒருவர் துணை நின்றால் போதும். அரசு இசைப் பள்ளிகளில் படித்து வெளியே வரும் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தலாம். அவர்களுக்கும் அது ஒரு பாடம்.

திருநெல்வேலி நிலையம் வயது வரம்பையும் பட்டத்தையும் தளர்த்தி, வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனாலும் நெல்லைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். முதியவர்களை அவ்வளவு தூரம் அலைக்கழிக்காமல் அவர்கள் ஊரிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். நையாண்டி மேளத்துக்கு ஒரு வாரம், கணியான் கூத்தின் மகுடத்துக்கு ஒரு வாரம், ஆடித்தபசு மேளத்துக்கு ஒரு வாரம் என்று அவர்களே பட்டியல் போடட்டும். நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களிலிருந்து எதை ஒலிபரப்ப வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். சம்பளத்தை அறிவிப்பாளருக்குரிய படியாகக் கணக்கிடாமல், மேடையில் வாசித்தால் அந்தக் கலைஞருக்கு வானொலி என்ன கொடுக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்.