மூலத்தில் இல்லையாம்!

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் படித்த குடும்பங்களின் கூடத்தில் சினிமாவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பழைய கதையைப் படமாக எடுத்தால், "மூலத்தில் இப்படி இல்லையே!" அமானுஷ்ய பலம் கொண்ட வீரனின் கதை என்றால், "அது குழந்தைகள் சமாசாரம்!" இரண்டையும் படம் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதனாலேயே இரண்டையும் நான் மறுக்கிறேன்.

2023-இல் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் நாவலில் உத்தம சோழனாக முடி சூடுகிறவன் சேந்தன் அமுதன். மணிரத்னத்தின் படத்தில் மதுராந்தகன். மணிமேகலையோ படத்திலேயே இல்லை. இதற்காகக் கொதித்தவர்களை ஒன்று கேட்கிறேன்: சரித்திரத்தில் இல்லாத நந்தினியைச் சோழ நாட்டில் உலவவிட்டாரே கல்கி, அவரை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவீர்கள்? மணிமேகலை இல்லாததால் நாவலின் கடைசித் துயரம் படத்தில் இல்லாமற் போயிற்று என்று சொல்லுங்கள். நானும் சேர்ந்து சொல்லுகிறேன். அது ரசனை. "புத்தகத்தில் இருந்ததே" என்பது வெறும் கணக்குப் பார்ப்பது.

வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்க்கிறான். சீதையின் அக்கினிப் பிரவேசத்தைக் கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார் புதுமைப்பித்தன். ஒருவருக்குப் பக்தி காரணம், மற்றவருக்குக் கோபம். ஆகவே, மாற்றினானா என்பதல்ல கேள்வி. எதற்காக மாற்றினான் என்பதே. 2023 ஜூனில் வந்த 'ஆதிபுருஷ்' அனுமனின் வாயில் தெருப் பேச்சை வைத்தது. எதிர்ப்பு எழுந்ததும், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வசனத்தை மாற்றினார்கள். அதட்டியவுடன் விட்டுவிடக் கூடிய மாற்றத்துக்கு, முதலிலேயே காரணம் ஏது?

இனி, குழந்தைகள் சமாசாரம். அதே ஆண்டு ஜூலையில் வந்த மடோன் அஸ்வினின் 'மாவீரன்' படத்தில் நாயகன் ஒரு பயங்கொள்ளி, படக்கதை வரைகிறவன். குடிசையிலிருந்து அவனுடைய ஜனங்களைக் கொண்டுபோய் வைக்கும் அடுக்குமாடி, கைபட்டால் உதிர்கிறது. எங்கிருந்தோ கேட்கும் ஒரு குரல் அவனைத் தள்ளித் தள்ளி வீரனாக்குகிறது. இது கற்பனையா? 2021-இல் புளியந்தோப்பில் புதுக் குடியிருப்பின் சுவர்ப் பூச்சு உதிர்ந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தோமே!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தாம்பரத்துக்குக் கிழக்கே சில மைலில் பெரும்பாக்கம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம்முடைய முடிச்சூரும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் நாம் நம் வீடுகளுக்குத் திரும்பினோம். அடையாற்றங்கரை ஏழைகள் பலர் திரும்பவில்லை. அவர்களைப் பெரும்பாக்கத்து மாடிகளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

வீடு போகிறபோது எதிர்த்துப் பேச வாய் வராத மனிதனுக்கு ஒரு வீரன் தேவைப்படுகிறான். அந்தத் தேவையைக் குழந்தைத்தனம் என்று சொல்லக் கூடியவன், வீடு போகாதவன் மட்டுமே. வீரன் எவ்வளவு உயரம் பறந்தான் என்று அளக்காதீர்கள். அவன் யாருடைய பயத்துக்குப் பதிலாக வந்தான் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத படத்தை நீங்கள் தள்ளினால், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.