பூனையும் நாயுமாகப் பெய்கிற மழை நமக்கு எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

இன்றைக்கு வியட்நாம் பிள்ளைகளைப் பற்றி எழுதப் போகிறேன். "நம்மட ஊருக்கும் வியட்நாமுக்கும் என்ன சம்பந்தம் சேர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாம் இங்கிலீஷ் படிக்கிறதில் விடுகிற பிழை என்னவென்று நம்மைப் பார்த்தால் விளங்காது, பழகிப் போய்விட்டது. அதே பிழையை இன்னொரு நாட்டுப் பிள்ளை விடும்போது பளிச்சென்று தெரிகிறது.

"தமிழ் வேற மாதிரி மொழி, அதுதான் இங்கிலீஷ் வருகுதில்ல" என்பது நாம் வழக்கமாகச் சொல்கிற காரணம். வியட்நாம் மொழி இங்கிலீஷுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாம் போனேன், போகிறேன், போவேன் என்று காலத்துக்கு ஏற்ப வினையை மாற்றுகிறோம். அவர்களுடைய வினைச்சொல் மாறவே மாறாது. முன்னால் ஒரு சிறு சொல்லைப் போட்டு நேற்றா நாளையா என்று காட்டுவார்கள். ஒரு புத்தகம், பத்துப் புத்தகம் இரண்டுக்கும் பெயர்ச்சொல் ஒன்றுதான். ஒரே அசையைச் சுரம் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். வடக்குப் பேச்சில் ஆறு சுரங்கள். அசையின் கடைசியில் 'ஸ்', 'ல்' போன்ற ஒலிகள் வருவதே இல்லை.

வெள்ளைக்காரன் இங்கே 1796 முதல் 1948 வரை இருந்தான். அதனால் பஸ், கேட், டிக்கட், லைட் என்று நூற்றுக்கணக்கான இங்கிலீஷ் சொற்கள் பாடசாலைக்குப் போகாத உம்மம்மாவின் வாயிலும் புழங்குகின்றன. வியட்நாமை 1954 வரை ஆண்டது பிரான்ஸ். அங்கே இங்கிலீஷ் பெரிய அளவில் பரவியது 1986இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். அவர்களுக்கு இருக்கிற ஒரே வசதி எழுத்து. அது ரோமன் எழுத்து. அந்த எழுத்துமுறையில் அச்சான முதல் பெரிய அகராதி, அலெக்சாண்டர் டி ரோட் என்ற பாதிரியார் தொகுத்தது, 1651இல் ரோமாபுரியில் வெளியானது.

இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவர்கள் இங்கிலீஷைத் துரத்துகிற வேகம் சாதாரணமானதல்ல. புதிய பாடத்திட்டத்தின்படி 2022இலிருந்து அங்கே தரம் 3 முதல் இங்கிலீஷ் கட்டாயம். நம் நாட்டிலும் முறையான இங்கிலீஷ் பாடம் தரம் 3இல்தான் தொடங்குகிறது. 2024 ஓகஸ்டில், பாடசாலைகளில் இங்கிலீஷைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க வேண்டும் என்று அவர்களுடைய ஆளும் கட்சியின் உயர்பீடம் முடிவெடுத்தது. பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்க்கும்போது ஐ.ஈ.எல்.டி.எஸ். புள்ளியையும் பார்க்கின்றன.

அவசரம் வந்தால் குறுக்குவழியும் வரும். அங்கே அந்தக் குறுக்குவழிக்குப் பெயர் 'பேண்ட் 8 சொற்கள்', 'உயர்தர மரபுத்தொடர்கள்'. நீண்ட பட்டியல். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தாய்மொழிப் பொருள். மனனம் செய். பரீட்சையில் கொட்டு. அதே மாதிரிப் பட்டியல்கள்தான் நம்முடைய பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகின்றன.

என்னுடைய கருத்தை நேராகச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் பிள்ளையின் இங்கிலீஷை வளர்ப்பதில்லை, வாயைக் கட்டுகிறது.

மழையை எடுத்துக்கொள்வோம்

பட்டியலில் கட்டாயம் இருப்பது 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்'. பூனையும் நாயுமாக மழை பெய்கிறதாம். இன்றைக்கு இங்கிலீஷ்காரர் பேச்சில் இதை அதிகம் கேட்க முடியாது. அவர்கள் சொல்வது 'போர்' என்ற சாதாரண வினைச்சொல்லை. கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுகிற அதே 'போர்'. வியட்நாம்காரர் கடும் மழையைத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவது போல என்பார்கள். நாமும் "மழை கொட்டுது" என்கிறோம். மூன்று மொழியும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பட்டியலோ பிள்ளையை அங்கிருந்து இழுத்துப் போய்ப் பூனை, நாயிடம் விடுகிறது.

அதே பிள்ளையிடம் சாதாரண 'பெரிய மழை' கேட்டுப் பாருங்கள். வியட்நாம் மொழியில் அது 'பெரிய மழை'தான். அதனால் 'பிக் ரெய்ன்' என்று வரும். இங்கிலீஷில் மழை பெரிதல்ல, பாரம்: 'ஹெவி ரெய்ன்'.

வியட்நாம் பிள்ளை மருந்தைக் 'குடிக்கிறது'. நம்மட உம்மாவும் குளிசையாக இருந்தாலும் "மருந்து குடிச்சியா?" என்றுதான் கேட்பா. இங்கிலீஷ்காரர் மருந்தை 'டேக்' பண்ணுகிறார். வியட்நாம் பிள்ளை லைட்டைத் 'திறக்கிறது', நாம் லைட்டைப் 'போடுகிறோம்'. அதனால் அங்கே 'ஓப்பன் த லைட்', இங்கே 'புட் த லைட்'. இங்கிலீஷில் 'டேர்ன் ஒன்'. சாயம் கூடின தேத்தண்ணியை அவர்கள் 'தடித்த' தேத்தண்ணி என்பார்கள், இங்கிலீஷில் அது 'ஸ்ட்ரோங்'.

ஹெவி, டேக், டேர்ன், ஸ்ட்ரோங். இதில் எது கடினமான சொல்? எல்லாம் சின்ன வகுப்பிலேயே தெரிந்த சொற்கள். ஆனால் பெரிய பட்டியலை மனனம் செய்த பிள்ளை இந்த இடத்தில்தான் இடறுகிறது. சொல் தெரியாமல் அல்ல. எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் கூட்டாளி என்று தெரியாமல். இதைச் சொற்சேர்க்கை என்பார்கள். உயர்ந்த இங்கிலீஷ் என்பதில் பெரும்பங்கு இதுதான்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்து நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள்தான். அதில் இருப்பவை 'அனலைஸ்', 'எவிடன்ஸ்', 'சிக்னிஃபிகன்ட்' போன்றவை. யாரும் கேள்விப்படாத அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை.

மரபுத்தொடரே வேண்டாமா?

வேண்டும். ஆனால் மூன்று பெட்டியாகப் பிரித்துப் படிக்க வேண்டும்.

முதல் பெட்டி: நம் மொழியிலும் அப்படியே இருப்பவை. முதலைக் கண்ணீர் தமிழில் இருக்கிறது, வியட்நாம் மொழியில் இருக்கிறது, இங்கிலீஷிலும் இருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

இரண்டாம் பெட்டி: பொருள் ஒன்று, படம் வேறு. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். வியட்நாம்காரர் ஒரே அம்பால் இரண்டு இலக்கை அடிக்கிறார். இங்கிலீஷ்காரர் ஒரே கல்லில் இரண்டு பறவையை அடிக்கிறார். கேட்காதவனுக்குச் சொல்வது நமக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு, அவர்களுக்கு எருமையின் காதில் வாசித்த வீணை. இங்கிலீஷிலும் அந்தப் பேச்சு விழுவது செவிட்டுக் காதில்தான், அதனால் இந்த இடத்தில் நமக்கு வேலை குறைவு. இந்தப் பெட்டியை ஒப்பிட்டுப் படித்தால் மறக்காது. தாய்மொழி இங்கே தடையல்ல, கைப்பிடி.

மூன்றாம் பெட்டி: நம்மிடம் இருக்கிறது, இங்கிலீஷில் இல்லை. கிணற்றுத் தவளை வியட்நாமிலும் இருக்கிறது, கிணற்றின் அடியில் உட்கார்ந்திருக்கும் தவளை என்பார்கள். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் கேட்பவர் விழிப்பார். அங்கே மரபுத்தொடரைத் தேடாமல் சாதாரண வசனத்தில் விளக்கத் தெரிய வேண்டும். அதுவும் ஒரு திறமை.

"பரீட்சையில் மரபுத்தொடர் கேட்கிறார்களே?" என்பது நியாயமான கேள்வி. ஐ.ஈ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்கள். சொல்வளம் அதில் ஒன்று. 7ஆம் பேண்டுக்கு மரபுத்தொடர் பற்றிய பேச்சு வருகிறது, உண்மை. கூடவே நடை, சொற்சேர்க்கை பற்றிய உணர்வும் வேண்டும் என்று இருக்கிறது. அதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. கட்டுரையில் பேச்சு வழக்கு மரபுத்தொடரைச் செருகினால் கல்யாண வீட்டுக்குச் சாரமும் பெனியனுமாகப் போன மாதிரி இருக்கும்.

வியட்நாமின் உயர்நிலைப் பாடசாலை இறுதிப் பரீட்சையில் இங்கிலீஷ் தாள் முழுவதும் பல்தேர்வு வினாக்கள். 2024 வரை 50, 2025இலிருந்து 40. சரியான விடைக்கு அடையாளம் இடத் தெரிந்த பிள்ளைக்கு அதே தொடரைச் சொந்தமாக ஒரு வசனத்தில் போட வரும் என்று நம்ப முடியாது. அடையாளம் காண்பது வேறு, பயன்படுத்துவது வேறு. இது நமக்கும் பொருந்தும்.

வியட்நாம் பிள்ளையிடம் இருக்கிற பலம்

அவர்களுடைய சொற்களில் பெரும்பங்கு சீன மூலத்திலிருந்து வந்து, துண்டு துண்டாகச் சேர்ந்தவை. 'ஹொக்' என்றால் கல்வி. உயிர் + ஹொக் = உயிரியல். உளம் + ஹொக் = உளவியல். சமூகம் + ஹொக் = சமூகவியல். இங்கிலீஷில் அந்த இடத்தில் '-லொஜி', தமிழில் 'இயல்'. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் சொற்களின் தலை, வால், வேர் மூன்றையும் படிப்பித்தால் ஒரு வேரில் பத்துச் சொல் கிடைக்கும். பட்டியலைவிட இது எவ்வளவோ இலாபம்.

அவர்களுடைய பெரிய சிக்கல் கடைசி ஒலி. 'நைஸ்', 'நைன்', 'நைட்' மூன்றும் 'நை' என்று முடிந்துவிடலாம். எத்தனை ஆயிரம் சொல் தெரிந்தாலும் கேட்பவர் காதுக்குப் போகாவிட்டால் பயன் இல்லை. ஆகவே அவர்கள் ஒரு சொல்லைப் படிப்பது என்றால் அதன் கடைசி ஒலியையும் சேர்த்துப் படிப்பதுதான். போனில் சொந்தக் குரலைப் பதிவு செய்து கேட்பது இதற்கு நல்ல வழி, செலவும் இல்லை.

சரி, என்ன செய்வது?

1. கொப்பியில் தனிச் சொல் எழுதுவதை நிறுத்துங்கள். கூட்டாளியோடு எழுதுங்கள். 'ரெய்ன்' அல்ல, 'ஹெவி ரெய்ன்'. பக்கத்தில் சொந்த வசனம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், நம் மொழி நம்மை எங்கே வழுக்கவைக்கும் என்று ஒரு குறிப்பு.

2. ஒரு மரபுத்தொடரைக் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்களின் வாயில் அல்லது எழுத்தில் சந்தித்த பிறகே பயன்படுத்துங்கள்.

3. வாசிப்பு. பேராசிரியர் போல் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலோ செய்தித்தாளோ உதவியில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். பேச்சுக்கு 6,000 முதல் 7,000. பயப்பட வேண்டாம். 3,000 தெரிந்த பிள்ளை நாளுக்கு ஐந்து வீதம் சேர்த்தால் 1,000 நாளில் 8,000ஐத் தொடும். மூன்று வருடம்கூட இல்லை. ஆனால் அது வாசித்துச் சேர வேண்டியது. நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு பக்கத்தில் ஐந்தாறுக்கு மேல் தடக்கினால் அந்தப் புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு இலகுவான புத்தகம்.

4. மீட்டல். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை, ஒரு மாதம். ஹிப்ழு ஓதுகிற பிள்ளை புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் தினமும் ஒப்புவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஒழுங்கு நம் ஊரிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் கொப்பிக்கு மட்டும் ஏன் இல்லை?

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டியல்களால் காசு போகிறது, நேரம் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளைக்குச் சின்னச் சொல்லில் பேச வெட்கம் வந்துவிடுகிறது. "என்ட இங்கிலீஷ் ஸ்டாண்டர்ட் இல்ல" என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறது. உயர்தரம் முடித்து, வேலைக்கான நேர்முகத்தில் போய் உட்காரும்போது இருக்கிற இருபது நல்ல வசனங்களும் வெளியே வருவதில்லை. ஹனோயிலும் இப்படித்தான், நம் ஊரிலும் இப்படித்தான். சாதாரண சொல்லைச் சரியான இடத்தில் போடுகிற பிள்ளையைப் பாராட்டுங்கள். "பெரிய வேர்ட்ஸ் ஒண்டும் இல்லையே" என்று குறை சொல்லாதீர்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் இங்கிலீஷ் கொப்பியைத் திறந்து, தனியாக எழுதிய சொற்களில் பத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டாளிச் சொல் தேடி எழுதச் சொல்லுங்கள். நல்ல அகராதி எதிலும் உதாரண வசனத்தில் அது இருக்கும். போனிலேயே பார்க்கலாம். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.