இயக்குநர் ஆசனமும் அதற்குரிய கல்வியும்

ஊரார் பொருளைக் கொண்டு நடத்தப்படும் தொழிலுக்குத் தலைமை ஏற்போர் அப்பொருளுக்கு உடைமையாளர் அல்லர், தர்மகர்த்தாக்களே என்னும் கொள்கை நம் நாட்டாருக்குப் புதிதன்று. கோயில் நிலத்துக்கும் அன்னசத்திரத்துக்கும் தர்மகர்த்தாவை அமர்த்தி, அவரிடம் கணக்குக் கேட்ட சமூகம் இது. அந்தக் கொள்கையையே இன்றைய கம்பெனிச் சட்டமும் விதிக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, ஒவ்வோர் இயக்குநரும் நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் செயல்பட்டு, கம்பெனி, ஊழியர், பங்குதாரர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகிய அனைத்தின் நன்மையையும் நாட வேண்டும் என்றும், சொந்த லாபம் கம்பெனியின் நலனோடு மோதும் நிலையில் தம்மை வைத்துக்கொள்ளலாகாது என்றும் கட்டளையிடுகிறது. இத்துணைப் பாரமான கடமையை ஏற்போருக்கு நாம் அளிக்கும் பயிற்சி அதற்கு ஈடாக இருக்கிறதா என்று ஆராய்வது அவசியம்.

இப்போதுள்ள ஏற்பாடு இது: நிறுவனர் குடும்பத்தோடு பண சம்பந்தம் இல்லாத சுயேச்சை இயக்குநர்கள், 2019 டிசம்பர் முதல், மத்திய அரசின் கீழுள்ள இந்தியப் பெருநிறுவன விவகாரங்கள் நிறுவனத்தின் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு, இணையவழிப் பரீட்சை ஒன்றில் தேர்ச்சி பெற வேண்டும். முதலில் 60 சதவீதமாக இருந்த தேர்ச்சி மதிப்பெண் 2020 டிசம்பரில் 50 ஆகக் குறைக்கப்பட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அநுபவத்தைக் கருதிப் பலருக்கு விலக்கும் உண்டு. பரீட்சை வந்ததை நான் வரவேற்கிறேன். ஆயினும் சட்டப் பிரிவுகளை நினைவில் வைத்திருப்பதையே பெரிதும் சோதிக்கும் அந்த ஏற்பாடு, இயக்குநர் குழுக்கள் உண்மையில் எங்கே தவறுகின்றனவோ அந்த இடத்தைத் தொடுவதில்லை.

இதற்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸின் சரித்திரமே போதிய சாட்சி. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மென்பொருள் கம்பெனியின் குழுவில் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஒருவரும், ஹைதராபாத் இந்திய வணிகப் பள்ளியின் தலைவரும், மத்திய அரசின் அமைச்சரவைச் செயலராய் இருந்து ஓய்வு பெற்றவரும் இடம்பெற்றிருந்தனர். சிறந்த நிறுவன ஆளுகைக்கென்று சர்வதேச விருது ஒன்றும் 2008-இல் அதற்குக் கிடைத்திருந்தது. அத்தகைய குழு, அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தைச் சார்ந்த மேடாஸ் கம்பெனிகள் இரண்டை ஏறத்தாழ 160 கோடி டாலர் கொடுத்து வாங்க ஒப்புதல் அளித்தது. சில மணி நேரத்திலேயே அந்த முடிவைக் கைவிடச் செய்தது பங்குதாரர்களின் ஆவேசமே. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி இல்லாத பணம் என்று ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

அக்குழுவினரிடம் படிப்புக்குக் குறைவில்லை. இத்தனை கோடி எந்தெந்த வங்கியில் கிடக்கிறது, என்ன வட்டி ஈட்டுகிறது, அந்த இருப்பை வங்கியிடமே நேரில் கேட்டு உறுதி செய்தவர் யார் என்று வினவி, திருப்தியான பதில் கிடைக்கும்வரை அடுத்த விஷயத்துக்குப் போக மறுக்கும் பழக்கமே அங்கே இல்லாமற் போயிற்று. தணிக்கையாளர்களும் வங்கிகளிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் பெறத் தவறினர் என்பதை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு உத்தரவு வெளிப்படுத்தியது. சட்டம் தெரிந்தவர்கள் கூடியிருந்தும் எவரும் கேட்காத ஒரு கேள்வியால் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. அதன்பின் பத்தாண்டு கழிவதற்குள், ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய்க் கடனோடு ஐ.எல். & எஃப்.எஸ். என்னும் உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறி, 2018 அக்டோபரில் அரசே அதன் குழுவை அகற்றிப் புதியதை அமர்த்த நேர்ந்தது என்றால், நாம் பாடம் கற்றுக்கொண்டோம் என்று எவ்விதம் சொல்வது?

ஆகவே பயிற்சி பிரதானமாக இரண்டு காரியங்களைக் கற்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, லாபக் கணக்கின் பகட்டில் மயங்காமல், பணம் வந்த வழியையும் போன வழியையும் காட்டும் ரொக்க ஓட்டக் கணக்கைப் படித்துக் கேள்வி எழுப்புதல். இரண்டாவது, மாறுபட்ட கருத்தை மரியாதையோடும் உறுதியோடும் சொல்லி, அதைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுதல். தம் ஐயம் தீராவிடில் அதைக் குறிப்பில் ஏற்ற வலியுறுத்த வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் அட்டவணையே சுயேச்சை இயக்குநர்களுக்குக் கூறுகிறது. ஆனால் பழகிய நண்பர்கள் சூழ அமர்ந்திருக்கையில், தம்மை அழைத்து ஆசனம் கொடுத்தவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லும் திடம், நூலைப் படிப்பதால் வருவதன்று. வீழ்ந்த கம்பெனிகளின் உண்மைக் கோப்புகளை முன்வைத்து, ஒத்திகைக் கூட்டம் நடத்தி, பலமுறை பழகினால்தான் வரும்.

அன்றியும், இக்கல்வி சுயேச்சை இயக்குநரோடு நின்றுவிடலாகாது. பரீட்சையின் வரம்புக்கு வெளியே நிற்கும் நிர்வாக இயக்குநரும், நிறுவனர் குடும்பத்து வாரிசுகளும் அல்லவா கம்பெனியை அன்றாடம் நடத்துகிறவர்கள்? குழுவின் முன் வைக்கப்படும் காகிதங்களைத் தயாரிக்கும் நிதி அதிகாரியும், கம்பெனிச் செயலரும், துறை மேலாளர்களும், கெட்ட செய்தியைத் தாமதமின்றி மேலே அனுப்பப் பழகாவிடில், எத்தனை கூர்மையான இயக்குநரும் குருடராகவே இருப்பார். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதிப்படி, பட்டியலிட்ட கம்பெனிகள் தங்கள் சுயேச்சை இயக்குநர்களுக்கு அளிக்கும் அறிமுகப் பயிற்சியின் விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும்; அந்தக் கடமையை எல்லா இயக்குநருக்கும் உயர் மேலாளருக்கும் விரிவாக்கி, ஆண்டுதோறும் புதுப்பிக்கச் செய்வது அரசின் கடமை.

பங்கு வாங்கியவர் மட்டுமே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று எண்ண வேண்டாம். பரஸ்பர நிதியிலும் ஆயுள் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் நாம் போடும் பணம் இந்தக் கம்பெனிகளிடமே போய்ச் சேருகிறது. பங்குதாரராய் இருப்போர் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, எங்கள் இயக்குநர்கள் இவ்வாண்டு என்ன கற்றார்கள், எந்த முடிவுக்கு மறுப்புத் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். அக்கேள்விக்குக் குழு கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும்.