கற்றது மறந்ததேன்?

பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவர் சிலர், "வாசற்படியைத் தாண்டியதும் விடை நினைவுக்கு வந்துவிட்டது, ஐயா" என்று வருந்தக் கேட்டிருக்கின்றோம். "ஒழுங்காகப் படித்திருந்தால் மறக்குமா?" என்பதே நாம் அவர்களுக்கு நெடுங்காலம் அளித்துவந்த மறுமொழி. மூளையின் இயல்பை ஆராய்ந்த அறிஞர்தம் முடிவுகளை நோக்கும்போது, அம்மறுமொழி எத்துணைப் பிழையானது என்பது புலனாகின்றது.

மூளையின் உட்புறத்தே, பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவில் இரு சிறு பகுதிகள் உள. வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அவற்றை 'அமிக்டலா' என்பர். ஆபத்தை உணர்ந்து உடலை எச்சரிப்பது இதன் தொழில்களுள் ஒன்று. இதன் அயலிலே கடற்குதிரையின் பெயர் பெற்ற 'ஹிப்போகம்பஸ்' அமைந்துள்ளது. நிகழ்ச்சிகளையும் கற்ற செய்திகளையும் நினைவிற் பதிப்பதற்கு இஃது இன்றியமையாதது.

இவ்விரண்டும் வெவ்வேறு தொழில் புரிவன என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. கிளப்பரேட் என்னும் ஜெனீவா நகர அறிஞர், புதிய நினைவுகளைப் பேணும் ஆற்றலை இழந்த ஒரு பெண்மணியோடு கைகுலுக்கும்போது, விரலிடையே ஓர் ஊசியை மறைத்துவைத்துக் குத்தினார். ஊசி குத்தியதை அப்பெண்மணி விரைவில் மறந்தார். எனினும், பின்னர் அறிஞர் கையை நீட்டியபோது தம் கையைப் பின்னே இழுத்துக்கொண்டார். 1911ஆம் ஆண்டில் வெளியான இச்செய்தி, நிகழ்ச்சி மறந்தபோதும் அச்சம் மறவாது என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

அச்சம் மேலிடும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலீன், கோட்டிசோல் என்பவற்றை இரத்தத்திற் கலக்கின்றன. இவை அவ்வேளை நிகழ்வதை மனத்தில் ஆழப் பதிக்கத் துணைபுரிகின்றன. ஆயின், முன்னர்ப் பதிந்ததை மீட்டெடுக்கும் ஆற்றலைத் தடுக்கவும் கூடும். எனவேதான், பரீட்சையில் நடுங்கிய மாணவன் அந்நடுக்கத்தை ஆண்டுகள் பல கழிந்தும் மறவான். அன்று கேட்கப்பட்ட வினாவின் விடையோ அவ்வேளையில் அவனுக்குத் தோன்றாது.

அச்சம் முற்றாக வேண்டாததோ எனில், அன்று. 1908இல் யேர்க்கிஸ், டொட்சன் என்போர் எலிகளுக்கு மின்னதிர்ச்சியளித்துப் பழக்கிப் பார்த்தனர். எளிய பாடத்தை வலிய அதிர்ச்சி விரைவிற் கற்பித்தது. கடினமான பாடத்துக்கோ மிதமான அதிர்ச்சியே ஏற்றதாயிற்று. சிறிது கவலை ஊக்கந்தரும். மிகுந்தால் அறிவை மழுக்கும்.

மாணவர்க்கு உதவும் செய்தியும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மீண்டும் மீண்டும் பார்த்துப் படித்தோரின் நினைவு பதற்றத்தாற் குன்றியது. பார்க்காமல் நினைவுகூர்ந்து பயின்றோரின் நினைவு குன்றவில்லை. ஆதலின், மாணவர்களே, ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதிப் பாருங்கள். விடுபட்டதை அறிந்து மீண்டும் படியுங்கள்.

பெற்றோர்க்கும், எம்போன்ற ஆசிரியர்க்கும் கூறவேண்டியது வேறு. பரீட்சைக்குப் புறப்படும் பிள்ளையிடம் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசுதல் வேண்டா. "ஆறுதலாக எழுதிவிட்டு வா" என்னும் ஒரு சொல் போதும். "ஒழுங்காகப் படித்திருந்தால் மறக்குமா?" என்று கேட்பதை நாமும் விட்டுவிட்டோம்.