சோற்றிலேயே கூடுதல் புரதம்: டிஎன்ஏ மார்க்கர் நெல் என்றால் என்ன?

சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் எடுத்துத் தங்கி ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகும் பலருக்கும் மூணு வேளையும் அரிசிதான். தட்டு நிறைய சோறு, மேலே ரெண்டு கரண்டி சாம்பார். வயிறு நிரம்பிடும். ஆனா புரதம்?

வழக்கமான அரிசியில் 100 கிராமுக்கு 7 முதல் 8 கிராம் புரதம்தான் இருக்கிறது. இதைக் கூட்ட முடியுமா என்ற கேள்விக்கு ஒரு பதில், கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 2016-ல் வெளியான 'சி.ஆர்.தான் 310'. 'நவீன்' என்ற ரகத்தோடு அசாம் நெல் ஒன்றைச் சேர்த்து உருவானது. தீட்டிய அரிசியிலேயே 10.3% புரதம். தினம் 300 கிராம் அரிசி சாப்பிடுபவருக்கு சுமார் 7 முதல் 10 கிராம் கூடுதலாகக் கிடைக்கும்.

மார்க்கர் எதற்கு?

புரதம் கண்ணுக்குத் தெரியாது. யூரியா அதிகம் போட்டாலும் புரதம் கூடும். அதனால் இது உரத்தின் வேலையா, ரகத்தின் குணமா என்பதில் குழப்பம் வரும்.

'பிள்ளையார் கோவிலுக்கு அடுத்த வீடு' என்று வழி சொல்வோமே, அதுபோலத்தான் மார்க்கர். வேண்டிய மரபணுவின் மேலோ பக்கத்திலோ இருக்கும் டிஎன்ஏ அடையாளம். நாற்றிலிருந்து ஒரு துண்டு இலை போதும். கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். புரத அளவைக் கூட்டும் ஓஎஸ்ஏஏபி6 என்ற மரபணுவை 2014-ல் சீன விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

இது மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. நெல்லோடு நெல்லைச் சேர்க்கும் பழைய முறைதான். தேர்வு செய்வது மட்டும் வேகமாகிறது. வெள்ளத்தைத் தாங்கும் 'சி.ஆர்.1009 சப்-1' ரகமும் இப்படி வந்ததுதான். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'கமலா' போன்ற மரபணு திருத்த ரகங்கள் வேறு.

எல்லோருக்கும் நல்லதா?

இங்கேதான் கவனம் தேவை. புரதத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அறிவுறுத்திய கிட்னி நோயாளிக்கு இந்தக் கூடுதல் கிராமும் கணக்குதான். அவர்களுக்காகவே ஜப்பானில் 'எல்ஜிசி-1' என்ற நெல் உருவாக்கப்பட்டது. மொத்தப் புரதம் பெரிதாகக் குறையாது. எளிதில் செரிக்கும் குளூட்டலின் குறைந்து, அவ்வளவாகச் செரிக்காத புரோலமின் கூடியிருக்கும். டிஎன்ஏவில் சுமார் 3,500 எழுத்துகள் விடுபட்டதே காரணம் என்பதால், மார்க்கர் வைத்துப் பிடிப்பது சுலபம்.

ஆக, மூட்டையில் என்ன ரகம், எவ்வளவு புரதம் என்று எழுதியிருப்பது அவசியம். பார்த்தால் எல்லாம் ஒரே அரிசிதானே!

நம்மூருக்கு எப்போது?

சி.ஆர்.தான் 310 ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நம் விவசாயி விரும்பும் ரகங்களில் இந்தக் குணத்தைச் சேர்க்க மார்க்கர் உதவும். ஆனால் மகசூல் குறைந்தாலோ, புரதத்துக்குத் தனி விலை இல்லையென்றாலோ யார் பயிரிடுவார்கள்?

ஒன்று நிச்சயம்: அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதைப் பருப்பும் முட்டையும்தான் ஈடுகட்டும். புது நெல் வந்தாலும் சாம்பாரில் பருப்பைக் குறைச்சிடாதீங்க.