பெயரில்லாப் போத்தல்களும் எமது மூலிகை மருத்துவமும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரின் வீடுகள் பலவற்றில் இரண்டு மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசைகள். மற்றையதில் ஊரிலிருந்து வந்தவர்களின் பயணப் பொதியில் வந்துசேர்ந்த சூரணமும் லேகியமும் குடிநீர்ப் பொடியும். முதலாவது பெட்டியைப் பற்றி மருத்துவமனையில் ஒன்றுவிடாமல் சொல்கிறோம். இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் என் தாயாரை அதிகாலையில் மயக்க நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. வேறு மருந்து ஏதேனும் எடுக்கிறாரா என்று வைத்தியர் கேட்டபோது, மொழிபெயர்த்துக் கொண்டிருந்த என் மகள் அம்மம்மாவிடம் கேளாமலேயே இல்லை என்று கூறிவிட்டாள். நீரிழிவுக் குளிசையோடு சிறுகுறிஞ்சான் பொடியையும் என் தாயார் காலை மாலை உட்கொண்டு வந்தது பின்னரே தெரிந்தது. “அது மருந்தில்லைப் பிள்ளை, இலைப்பொடிதானே” என்றார். இரத்தச் சீனியைக் குறைக்கும் ஆற்றல் சிறுகுறிஞ்சானுக்கு உண்டு. அதனாற்றானே அதனை உட்கொண்டார்! குளிசையும் இலையும் ஒரே வேலையைச் செய்யும்போது இரண்டையும் அறிந்த ஒருவர் அளவை நிர்ணயிக்க வேண்டாமா?

இலை என்பதால் தீங்கில்லை என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அதிமதுரத்தைத் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலில் பொட்டாசியம் குறையும். பிள்ளை வளர்ப்பான் என்று நாம் போற்றும் வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருளின் காரணமாக, அதனை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடைசெய்தது. எமது முன்னோர் வசம்பைச் சுட்டுக் கரியாக்கியே குழந்தைக்கு உரைத்துக் கொடுத்தனர். இன்று கடையில் அரைத்த பொடியாக வாங்கித் தேனிற் குழைத்துக் கொடுக்கும் இளந்தாய்க்கு அந்த முறையைச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இன்னும் கடுமையானது ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி ஆகியவற்றின் கதை. இவை அரிஸ்டோலோக்கியா என்னும் தாவர இனத்தைச் சேர்ந்தவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான சிகிச்சையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இவ்வின மூலிகை தவறுதலாகக் கலக்கப்பட்டதால், ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பின்னர் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் தோன்றியது. பிரித்தானியா 2001இல் இவ்வின மூலிகைகள் கலந்த மருந்துகளைத் தடைசெய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் அவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. எமது பழைய ஏடுகளில் இம்மூலிகைகளுக்கு இடமுண்டு என்பதற்காக இவ்வுண்மையை மறைத்தல் எம் மருத்துவத்திற்குச் செய்யும் தொண்டாகாது.

இவற்றையெல்லாம் எழுதினால், எமது பாரம்பரியத்தைத் தாழ்த்துகிறீர்கள் என்று சிலர் சினப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. நாபியையும் சேராங்கொட்டையையும் சுத்தி செய்யாமல் மருந்தாக்கலாகாது என்று வகுத்தது சித்த மருத்துவமே. தமிழ்நாட்டில் சித்த மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் பயில வேண்டும். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியர்களையும் உள்ளடக்குகிறது. யாழ். பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இத்துறை கற்பிக்கப்படுகிறது. ஆக, ஒழுங்கும் கல்வியும் தாயகத்தில் இருக்கின்றன. கடல் கடந்த பின்னர்தான் அவற்றைக் கைவிட்டோம்.

பிரித்தானியாவின் சட்டமும் குறையுடையதே. மூலிகை மருத்துவர்களைச் சட்டபூர்வமாகப் பதிவு செய்வதாக 2011இல் அரசு அறிவித்தது. 2015இல் வெளிவந்த பேராசிரியர் டேவிட் வாக்கரின் அறிக்கை அதனைப் பரிந்துரைக்கவில்லை. அத்துடன் விடயம் முடங்கியது. ஐந்தரை ஆண்டு பயின்றவரும் ஐந்து நாள் வகுப்புக்குச் சென்றவரும் ஒரே பலகையை மாட்டிக் கொள்ளலாம். மருந்துகளைப் பொறுத்தவரை பாரம்பரிய மூலிகைப் பதிவு முறை உண்டு. டி.எச்.ஆர். என்ற எழுத்துகளுடன் தொடங்கும் எண் உறையில் இருந்தால், தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டவை என்று கொள்ளலாம். நோயைக் குணமாக்கும் என்று நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. இப்பதிவைப் பெற முப்பது ஆண்டுப் பயன்பாட்டுச் சான்று வேண்டும். அதில் பதினைந்து ஆண்டு ஐரோப்பாவிற் பயன்பட்டிருக்க வேண்டும் என்ற பழைய விதி எமது மருந்துகளுக்குப் பெருந்தடையாக இருந்தது. அது நியாயமற்றது என்றே கருதுகிறேன். ஆயினும் அதற்கு மறுமொழி, பெயரும் திகதியும் இல்லாத போத்தலைக் கடையின் பின்புறத்தில் விற்பதன்று. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் எழுபதைச் சோதித்தபோது பதினான்கில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் காணப்பட்டது. அக்கடைகளுக்குச் செல்பவர்கள் வேறு யாருமல்லர், நாம்தான்.

எமது சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு மண்டபம் எடுக்கின்றன. தகுதி பெற்ற சித்த வைத்தியர் ஒருவரையும் மருந்தாளர் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, வீட்டிலுள்ள போத்தல்களைக் கொண்டுவருமாறு அழைக்க ஒரு மாலைப் பொழுது போதும். தமிழ்ப் பள்ளிகளில் ஆடாதோடையும் தூதுவளையும் பாடத்தில் வருகின்றன. எதனை எவர் உண்ணலாகாது என்பதும் அப்பாடத்தில் வர வேண்டும். தீய விளைவு ஏற்பட்டால் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் நாமே முறையிடலாம் என்பதையும் சொல்லுங்கள். அது மூலிகை மருந்துகளுக்கும் பொருந்தும்.

இளையோரே, தாத்தா பாட்டியருடன் வைத்தியரிடம் செல்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. அடுத்த முறை செல்லும்போது சமையலறை அலுமாரியின் மேற்தட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கிருப்பவற்றைக் கைப்பேசியிற் படம் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். என் மகள் இப்போது அவ்வாறே செய்கிறாள். அம்மம்மாவுக்கு அதில் இன்னமும் சிறிது கோபம்தான்.